தீங்கு என்ற சொல் விரிய விரிய அதன் கனம் குறைகிறதா?

கேள்வி:
அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 1980-இல் அதிர்ச்சிக்குப் பிந்தைய மனவுளைச்சல் கோளாறை, மனநோய்களை வரையறுக்கும் தன் கையேட்டில் சேர்த்தபோது, பொதுவாக வழக்கமான மனித அனுபவத்துக்கு அப்பாற்பட்ட நிகழ்வையே அதற்குக் காரணமாகக் கருதியது. இன்றோ, மேலாளர் முகம் சுளித்ததையும் எங்கள் அலுவலகத்தில் ‘ட்ராமா’ (மன அதிர்ச்சி) என்கிறார்கள். இதனால் போரிலிருந்து மீண்டவரின் துயரம் நம் கண்ணில் சிறுத்துவிடாதா?

மறுமொழி 1:
மெல்போர்ன் உளவியலாளர் நிக் ஹாஸ்லம் 2016-இல் இதை விவரித்தார்: துன்புறுத்தல், அடிமைப்பழக்கம், பாரபட்சம் போன்ற கருத்துகள் புதுவகை நிகழ்வுகளை நோக்கியும், முன்பு பொருட்படுத்தாத இலேசான நிகழ்வுகளை நோக்கியும் விரிகின்றன. அவரும் இதை வெறும் கேடாகப் பார்க்கவில்லை. இந்தியாவின் 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டம் வசைச்சொல்லையும், வீட்டுச் செலவுக்குப் பணம் தராமல் முடக்குவதையும் சேர்த்துக்கொண்டதால் அடி உதையின் கனம் குறைந்துவிட்டதா என்ன?

மறுமொழி 2:
சட்டம் ஒவ்வொரு வகையையும் தனித்தனியே வரையறுக்கிறது. அன்றாடப் பேச்சு அப்படிச் செய்வதில்லை. 2018-இல் வெளியான ஓர் ஆய்வில், திரையில் நீலப் புள்ளிகள் அரிதாக ஆக, பங்கேற்றவர்கள் முன்பு ஊதா என்று ஒதுக்கியவற்றையே நீலம் என்றார்கள்; முன்கூட்டியே எச்சரித்தும் பயனில்லை. அதுபோலவே, பெருந்தீங்குகள் அரிதாக ஆக, இலேசானவற்றையும் நாம் தீங்கு என்று சொல்லத் தொடங்கலாம்.

கேட்டவர்:
நன்றி. அந்த மனநலக் கையேடே 2013-ஆம் ஆண்டுப் பதிப்பில், பணி நிமித்தமாக அல்லாமல் தொலைக்காட்சியில் மட்டும் பார்த்த கொடுமைகளை விலக்கி, வாசலைச் சற்றுக் குறுக்கியது. எங்கள் அலுவலகம் இன்னும் அந்தப் பதிப்புக்கு வரவில்லை போலும்.