கார் இல்லாமல் லண்டனிலிருந்து கொலோனுக்கு நாயுடன் செல்வது எப்படி?

ஈஸ்ட்ஹாம்வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஜெர்மனியின் கொலோன் நகரில் வசிக்கும் என் தங்கை மகளுக்கு வரும் கோடையில் பூப்புனித நீராட்டு விழா வைத்திருக்கிறார்கள். தாய்மாமன் நான், சீர்வரிசையோடு போய் நிற்காமல் இருக்க முடியாது. ஆனால் எங்கள் வீட்டு நாய் மணியைப் பத்து நாட்களுக்கு விட்டுச்செல்ல இடமில்லை. போன ஆண்டு ஒரு நாய் விடுதியில் விட்டபோது மூன்று நாட்கள் எதையும் உண்ணாமல் கிடந்தான். மறுபடியும் அங்கே விட மனம் வரவில்லை.

என்னிடம் காரும் இல்லை, ஓட்டுநர் உரிமமும் இல்லை. யூரோஸ்டார் ரயிலில் வழிகாட்டி நாய் போன்ற உதவி நாய்களைத் தவிர வேறு நாய்களை ஏற்றுவதில்லை. சுரங்கத்தின் வழியே செல்லும் லெஷட்டில் ரயிலில் நாய்க்கு இடம் உண்டு, ஆனால் வண்டியோடு வருபவருக்கு மட்டுமே. டோவர்-கலே கப்பலுக்குக் கேட்டாலும் நாய் என்றவுடன் காரைத்தான் கேட்கிறார்கள். மணிக்கு 13 கிலோ எடை, மைக்ரோசிப் உண்டு, ரேபிஸ் தடுப்பூசி இன்னும் போடவில்லை. கார் இல்லாத ஒருவர் நாயுடன் கடல் கடக்க வழி இருக்கிறதா? விமானத்தில் போய்விடலாமா?

ஹாரிச்வழி எழுதியது:

வழி இருக்கிறது. நானும் கார் ஓட்டாதவள்தான். எங்கள் நாயுடன் இரண்டு முறை போய் வந்திருக்கிறேன். முதலில் விமானத்தை மறந்துவிடுங்கள். பிரிட்டனை விட்டுப் போகும்போது சில நிறுவனங்கள் சிறிய நாயைக் கூடவே வைத்துக்கொள்ள விடலாம். திரும்பி வரும்போது உதவி நாய்களைத் தவிர மற்ற நாய்கள் சரக்காகத்தான் பிரிட்டனுக்குள் வர முடியும். அந்தச் செலவைக் கேட்டால் சீர்வரிசையில் பாதியைக் குறைக்க வேண்டியிருக்கும்.

உங்களுக்கு ஏற்றது ஹாரிச் துறைமுகத்திலிருந்து நெதர்லாந்தின் ஹூக் ஆஃப் ஹாலந்துக்குச் செல்லும் ஸ்டெனா லைன் கப்பல். வண்டியில்லாமல் வருபவரும் அதில் நாயுடன் ஏறலாம். நாயோடு தங்குவதற்கென்றே சில அறைகள் ஒதுக்கியிருக்கிறார்கள். அந்த அறைகள் எண்ணிக்கையில் குறைவு, கோடையில் முதலில் நிரம்புபவையும் அவைதான் என்பதால், அறை கிடைக்கும் தேதியைப் பார்த்துவிட்டு மற்ற பயணச்சீட்டுகளை வாங்குங்கள். நான் முதல் முறை ரயில் சீட்டை முன்னதாக வாங்கிவிட்டு, அறை இல்லாமல் பயணத்தையே ஒரு வாரம் தள்ளிப்போட்டேன்.

ஈஸ்ட் ஹாமிலிருந்து ஹாமர்ஸ்மித் அண்ட் சிட்டி தடத்தில் ஏறினால் மாறாமலே லிவர்பூல் ஸ்ட்ரீட் போய்விடலாம். பாதாள ரயிலில் நாய்க்குக் கட்டணம் இல்லை, ஆனால் நகரும் படிக்கட்டில் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும். 13 கிலோ நாயையும் பெட்டியையும் சுமந்து பார்த்தவர்களுக்கு மின்தூக்கியின் அருமை தெரியும். லிவர்பூல் ஸ்ட்ரீட்டிலிருந்து ஹாரிச் இன்டர்நேஷனல் நிலையத்துக்கு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். பல நேரங்களில் மானிங்ட்ரீயில் வண்டி மாற வேண்டியிருக்கும். நிலையத்தை விட்டு வெளியே வந்தால் எதிரிலேயே கப்பல் முனையம்.

இரவுக் கப்பல் 11 மணிக்குப் புறப்பட்டு, மறுநாள் காலை நெதர்லாந்து நேரப்படி 8 மணியளவில் போய்ச் சேரும். இறங்கிய இடத்திலேயே மெட்ரோ நிலையம் இருக்கிறது. 2019இல் பழைய ரயில் பாதையை மெட்ரோவாக மாற்றிவிட்டார்கள். அதில் ஸ்கீடாம் போய், அங்கிருந்து ரயிலில் ராட்டர்டாம் வழியாக யூட்ரெக்ட், யூட்ரெக்டில் கொலோன் செல்லும் ஐசிஇ என்னும் ஜெர்மன் அதிவேக ரயில். டச்சு ரயில்களில் மடியில் அடங்காத நாய்க்குத் தனியாக ஒரு நாள் சீட்டு வாங்க வேண்டும். ஜெர்மன் ரயில்களில் பெட்டிக்குள் அடங்காத நாய்க்குக் கட்டணமும் உண்டு, வாய்க்கூடும் கட்டாயம். மணி வாய்க்கூடு போட்டுப் பழகாதவன் என்றால் இன்றைக்கே தொடங்குங்கள். உள்ளே கொஞ்சம் வேர்க்கடலை வெண்ணெயைத் தடவி, அவனாகவே மூக்கை நுழைக்கும்படி விட்டால் இரண்டு வாரங்களில் பழகிவிடுவான்.

நான்குகால் எழுதியது:

பாதையைச் சகோதரி தெளிவாகச் சொல்லிவிட்டார். ஆனால் இந்தப் பயணத்தில் ஆளைத் திருப்பி அனுப்புவது காகிதம்தான். கால்நடையாகக் கப்பல் ஏறப் போகிறவர் முதலில் பார்க்க வேண்டியது கால்நடை மருத்துவரை.

ரேபிஸ் தடுப்பூசிக்கு முன்பே மைக்ரோசிப் இருந்திருக்க வேண்டும். மணிக்கு அது இருப்பதால் கவலையில்லை. முதல் ஊசி போட்டபின் 21 நாட்கள் கடந்தால்தான் பயணம் செய்யலாம். அதன்பின் விலங்கு நலச் சான்றிதழ் வாங்க வேண்டும். பிரிட்டனில் முன்பு கொடுத்த செல்லப்பிராணிக் கடவுச்சீட்டு 2021 ஜனவரி 1 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் செல்லாது என்பதால், ஒவ்வொரு பயணத்துக்கும் புதிதாக ஒரு சான்றிதழ். ஒன்றியத்துக்குள் நுழைவதற்கு முந்தைய 10 நாட்களுக்குள் அது வழங்கப்பட்டிருக்க வேண்டும். அதற்கென அரசு அங்கீகாரம் பெற்ற மருத்துவர்தான் கையெழுத்திட முடியும். நீங்கள் எந்த நாட்டின் வழியே நுழைகிறீர்களோ அந்த நாட்டு மொழியிலும் இருக்க வேண்டும். நீங்கள் போவது ஜெர்மனிக்கு என்றாலும் நுழைவது நெதர்லாந்தில் என்பதால், டச்சு மொழிப் படிவம் வேண்டும் என்று தெளிவாகச் சொல்லுங்கள். கட்டணம் இடத்துக்கு இடம் பெரிதும் வேறுபடுகிறது. மூன்று நான்கு மருத்துவமனைகளில் கேட்டுப் பாருங்கள்.

சான்றிதழ் கைக்கு வந்ததும் மைக்ரோசிப்பின் 15 இலக்கங்களையும் அங்கேயே நின்று, விரல் வைத்து ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். எங்கள் சான்றிதழில் 9 இருக்க வேண்டிய இடத்தில் 4 இருந்தது; பேருந்து நிறுத்தத்தில் தற்செயலாகக் கண்ணில் பட்டது.

திரும்பி வருவதற்கு இன்னொரு நிபந்தனை உண்டு. ஜெர்மனி உட்பட ஐரோப்பாவின் பல பகுதிகளில் நரிகளிடம் காணப்படும் ஒருவகை நாடாப்புழு பிரிட்டனில் இல்லை. அதை உள்ளே விடாமல் இருக்க, நாய் பிரிட்டனை வந்தடைவதற்கு முன், 24 மணி நேரத்துக்குக் குறையாமலும் 120 மணி நேரத்துக்கு மேற்படாமலும் ஒரு மருத்துவர் புழுமருந்து கொடுத்து, தேதியையும் நேரத்தையும் சான்றிதழில் பதிய வேண்டும். எங்களுக்கு மருந்து கொடுத்த மருத்துவர் தேதியை எழுதி முத்திரையும் வைத்துவிட்டு, நேரத்தை எழுத மறந்துவிட்டார். துறைமுகச் சாளரத்தில் இருந்த பெண் அந்த வெற்றுக் கட்டத்தின் மேல் பேனாவை வைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தது இன்னும் நினைவிருக்கிறது. அன்றிரவுக் கப்பல் எங்களை விட்டுவிட்டுப் போயிற்று.

இன்னொன்று: பிரிட்டனிலிருந்து இறைச்சியும் பாலும் சேர்ந்த உணவு எதையும் ஒன்றியத்துக்குள் கொண்டுபோகக் கூடாது. நாயின் வழக்கமான தீனியும் அதில் அடங்கும், வழிக்குக் கட்டிக்கொள்ளும் தயிர்சாதமும் அடங்கும். மணி உண்ணும் தீனி கொலோனில் கிடைக்குமா என்று தங்கையிடம் முன்பே பார்த்து வைக்கச் சொல்லுங்கள்.

கென்ட்காரன் எழுதியது:

இரவுக் கப்பலில் அறை கிடைக்காவிட்டால் இன்னொரு வழி: போக்ஸ்டனில் உங்களையும் நாயையும் தம் வண்டியில் ஏற்றிக்கொண்டு, லெஷட்டில் வழியாக 35 நிமிடங்களில் சுரங்கத்தைக் கடந்து கலேயில் இறக்கிவிடும் செல்லப்பிராணி டாக்சிகள் இருக்கின்றன. செலவு அதிகம், இருவர் பகிர்ந்துகொண்டால் தாங்கும். இந்த வழியில் சான்றிதழ் பிரெஞ்சு மொழியில் இருக்க வேண்டும். கலேயிலிருந்து பிரஸ்ஸல்ஸ் போய்விட்டால், அங்கிருந்து யூரோஸ்டார் பெயரில் கொலோனுக்கு ஓடும் ரயில்களில் நாய்க்குச் சீட்டு உண்டு. தடை கடலுக்கடியில் செல்லும் சேவைக்கு மட்டும்தான்.

ஈஸ்ட்ஹாம்வாசி எழுதியது:

அனைவருக்கும் மிக்க நன்றி. ஹாரிச் வழியையே முடிவு செய்துவிட்டேன். சனிக்கிழமை ரேபிஸ் ஊசிக்கு நேரம் வாங்கியிருக்கிறேன். இரண்டு ஐயங்கள். ஞாயிறு இரவுக் கப்பலில் திரும்புவதாக இருந்தால் புழுமருந்தை எந்த நாளில் கொடுப்பது? கப்பலில் மணி சிறுநீர் கழிப்பது எங்கே?

நான்குகால் எழுதியது:

கணக்கைப் புறப்படும் நேரத்திலிருந்து போடாதீர்கள், வந்துசேரும் நேரத்திலிருந்து போடுங்கள். ஞாயிறு இரவு புறப்படும் கப்பல் திங்கள் காலை ஆறரை மணிக்கு ஹாரிச் வரும். ஆகவே புதன் காலை ஆறரைக்குப் பிறகும் ஞாயிறு காலை ஆறரைக்கு முன்பும் கொடுக்க வேண்டும். ஞாயிறன்று மருத்துவர் கிடைப்பது அரிது. சனிக்கிழமையை நம்பினால், ஏதேனும் தவறினால் சரிசெய்ய நாள் இருக்காது. வெள்ளிக்கிழமை காலை வைத்துக்கொள்ளுங்கள்.

ஹாரிச்வழி எழுதியது:

மேல்தளத்தில் நாய்களுக்கென்று ஓர் இடம் உண்டு, ஆனால் புல் இல்லை. எங்கள் நாய் இரவில் மூன்று முறை அந்தத் தளத்தை முகர்ந்துவிட்டு, என்னை ஏமாற்றத்தோடு பார்த்துவிட்டு அறைக்குத் திரும்பிவிட்டது. ஹூக்கில் இறங்கியதும் மெட்ரோ நிலையத்துக்கு அருகே கண்ட முதல் புல் துண்டில் முழுதாக ஒரு நிமிடம் நின்றது. பின்னால் வந்தவர்கள் சுற்றிக்கொண்டு போனார்கள். அடுத்த முறை, வீட்டில் அது ஏற்கெனவே பயன்படுத்திய விரிப்பு ஒன்றை உறையிலிட்டுக் கொண்டுபோய்த் தளத்தில் விரித்தேன், உடனே புரிந்துகொண்டது. மாலை ஆறு மணிக்கே உணவைக் கொடுத்துவிட்டு, ஹாரிச்சில் கப்பல் ஏறுமுன் அரை மணி நேரம் நடத்திச் செல்லுங்கள்.