அஸ்யூத் சால்வை: வலை கிழிந்திருக்கிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம். எகிப்தின் அஸ்யூத் நகரத்துப் பழைய சால்வை ஒன்று என்னிடம் இருக்கிறது. கறுப்புப் பருத்தி வலை, அதன் கண்களில் தட்டையான உலோகப் பட்டையைக் கோத்து மடித்து அழுத்திய ஆயிரக்கணக்கான புள்ளிகள். ஒட்டகமும் மனித உருவங்களும் அவ்வளவு அழகு! 1922-ல் பண்டைய எகிப்திய மன்னன் துட்டன்காமனின் கல்லறை திறக்கப்பட்ட பிறகு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இவற்றுக்குப் பெரிய மோகம் வந்தது. என்னுடையதும் அந்தக் காலத்தை ஒட்டியதாகவே தோன்றுகிறது.

பிரச்சினை என்னவென்றால், ஓரத்தில் வலை கிழிந்திருக்கிறது. உலோகத்தின் எடை தாங்காமல் கிழிசல் பெரிதாகிக்கொண்டே போகிறது. பின்னால் மெல்லிய வலை வைத்து நுண்ணிய நூலால் தைக்கலாம் என நினைக்கிறேன். அறுகோணக் கண் உள்ள பருத்தி வலை எங்கே கிடைக்கும்? நைலான் வலை வேண்டாம், அதன் விறைப்பு பழைய துணியை அறுத்துவிடுமோ என்று பயம்.

அப்புறம், இதை எகிப்திய நடனத்துக்கு அணிய ஆசை. வெட்டித் தைக்க மனம் வரவில்லை. வெட்டினால் அந்தச் சால்வை போனதுதான். வெட்டாமல், உள்ளே ஓர் உடை அணிந்து அதன் மேல் போர்த்தி, எடை தோளில் பரவும்படி உடுத்திப் பார்த்தவர்கள் எப்படிக் கட்டினீர்கள்?

பட்டைகள் கறுத்திருக்கின்றன. பாலிஷ் போடப்போவதில்லை, முலாம் போய்விடும், வலையிலும் ஊறிவிடும். ஆனால் தூசியும் வியர்வை வாடையும் போக வெறும் தண்ணீரில் அலசலாமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். தொங்கவிடாமல் அமிலமற்ற தாளில் சுருட்டித்தான் வைத்திருக்கிறேன்.