மறுமொழி: சுட்ட தக்காளி சல்சாவுக்குக் கலைச்சொல் – ‘சுட்டரையல்’

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

தக்காளியைச் சுட்டு அரைத்துச் செய்யும் மெக்சிக்கோத் தொடுகறியான சல்சாவுக்குத் தமிழ்ப்பெயர் தேடும் இவ்விழையில் முன்வைக்கப்பட்ட ‘வறுத்த தக்காளிச் சுவைச்சாறு’ என்ற சொல்லாக்கத்தை என்னால் ஏற்க இயலவில்லை. வறுத்தல் என்பது மல்லியையோ கடலையையோ ஈரமற்ற சட்டியில் இட்டு, கை ஓயாமல் கிளறி எடுப்பது. நீர் நிறைந்த தக்காளியை அவ்வாறு கிளறினால் அது குழைந்து வேகுமேயன்றி வறுபடாது. மெக்சிக்கோவில் கோமால் என்னும் தட்டையான சட்டியில் எண்ணெய் விடாமல் தக்காளியைக் கிடத்தி, தோல் ஆங்காங்கே கருகும்வரை திருப்பிப் போட்டு எடுக்கிறார்கள். நாம் கத்தரிக்காயையும் கருவாட்டையும் சிரட்டைக் கனலில் இட்டு எடுக்கும் அதே செயல்தான் இது. அதற்கு நம்மிடம் உள்ள வினை ‘சுடு’.

சொல்லைத் தீர்மானிக்கும் முன் பண்டத்தைச் செய்து பார்ப்பதே முறை என்று கருதி, வடசேரிச் சந்தையில் வாங்கிய 6 நாட்டுத் தக்காளி, தோலுரிக்காத 4 பூண்டுப் பல், இரண்டாகப் பிளந்த ஒரு வெங்காயம், காந்தாரி என்னும் காரமான சிறு மிளகாய் 5 ஆகியவற்றை இரும்புத் தோசைக்கல்லில் இட்டேன். காந்தாரியின் நுனியைக் கீறிவிட வேண்டும்; இல்லையேல் உள்ளே அடைபட்ட ஆவியால் அது வெடித்து, விதை முகத்தில் தெறிக்கும். தோல் பிளந்து சாறு கல்லில் சீறத் தொடங்கியதுமே மூன்று தக்காளியை எடுத்துவிட்டேன். அவற்றை அரைத்தபோது பச்சை வாடை அப்படியே இருந்தது. மற்ற மூன்றையும் அந்தச் சாறு வற்றி, கருந்திட்டுகள் பரவும்வரை விட்டுவைத்தேன். நீர் குறைந்ததால் புளிப்பும் இனிப்பும் செறிந்து, கருகிய தோலின் மெல்லிய கசப்பும் புகைமணமும் கூடின. உப்பு, பூண்டு, மிளகாய் மூன்றையும் அம்மியில் மைய அரைத்தபின், வெங்காயத்தையும் தக்காளியையும் இரண்டே இழுப்பில் ஒன்றிரண்டாக நசுக்கி, எலுமிச்சைச் சாறும் கொத்தமல்லித் தழையும் சேர்த்தேன். மெக்சிக்கோவில் அம்மியின் இடத்தில் மோல்கஹேத்தே என்னும் மூன்று கால்களுடைய எரிமலைக்கல் உரல் இருக்கிறது.

ஆகவே பெயரில் இடம்பெற வேண்டியவை சுடுதல், அரைத்தல் என்னும் இரண்டு வினைகளே. எண்ணெயில் வதக்கிச் சுருட்டும் ‘தொக்கு’ இங்குப் பொருந்தாது. சுவைத்துப் பார்த்த என் தாயார், “இது சுட்ட சம்மந்தியல்லவா?” என்றார். எங்கள் குமரி மாவட்டத்தில் மரச்சீனி (மரவள்ளி) கிழங்கோடு தொட்டுக்கொள்ளும் துவையலுக்கு அன்றாடம் புழங்கும் அச்சொல் எனக்கும் உவப்பானதே. ஆயினும் அது பெரும்பாலும் தேங்காய் சேர்ந்ததையே குறிக்கும். திருநெல்வேலியைத் தாண்டினால் உறவுமுறைச் சொல்லாகவே கொள்ளப்படும்.

மற்றொரு நண்பர் பரிந்துரைத்த ‘சுடுதுவையல்’ இன்னும் நெருக்கமானது. துவை என்பது பழஞ்சொல். புறநானூற்றின் 14ஆம் பாடலில் ‘ஊன்துவை கறிசோறு’ என்று வருகிறது. ஆனால் சுடுசோறு, சுடுதண்ணீர் என்று நாள்தோறும் சொல்லிப் பழகிய காதில், சுடுதுவையல் என்பது சூடாகப் பரிமாறப்படும் துவையல் என்றே விழும். சல்சாவோ பெரும்பாலும் ஆறியபின் உண்ணப்படுவது. வினைத்தொகையில் காலம் மறைந்திருப்பதே இக்குழப்பத்துக்குக் காரணம். எனவே முடிந்த செயலைக் காட்டும் வினையெச்சத்தைக் கொண்டு, சுட்டு + அரையல் = ‘சுட்டரையல்’ என்று ஆக்கலாம் என்பது என் கருத்து. அவி அவியலாகவும் பொரி பொரியலாகவும் ஆனது போலவே அரை அரையலாகிறது. இப்பண்டம் தக்காளிச் சுட்டரையல். இதே முறையில் கத்தரிக்காய்ச் சுட்டரையலும் சொல்லலாம். சல்சா என்னும் பொதுப்பெயரை ஒலிபெயர்ப்பாகவே வைத்துக்கொள்வோம். ஸ்பானிய மொழியில் அது ‘சாஸ்’ எனப்படும் எல்லா வகைகளையும் குறிப்பதால், ஒரே தமிழ்ச்சொல்லில் அதனை அடக்க முடியாது.

‘சுட்டு’ என்றதும் சுட்டெழுத்து நினைவுக்கு வரலாம் என்னும் தடை எழக்கூடும். ‘தக்காளி’ முன்னால் நிற்கும்போது அம்மயக்கம் இராது என்று நம்புகிறேன். தனிச்சொல்லாக அகராதியில் இடும்போதும் மயக்கம் இல்லையா என்பதை இலக்கணம் அறிந்த நண்பர்கள் கூற வேண்டுகிறேன்.

அன்புடன்,
நாகர்கோவிலிலிருந்து