மனைவியோட பாதி சர்நேம் கிரீன் கார்டுல காணோம், எங்க ஆரம்பிச்சு சரி பண்றது?

டல்லாஸ்காரன்:
வணக்கம் மக்களே. வைஃப் கொலம்பியா, நான் மதுரை, இருக்கிறது டெக்சாஸ்ல. அவங்க பாஸ்போர்ட்ல கிவன் நேம் மரியா லூசியா, சர்நேம் ரோஹாஸ் மெஹியா (பேர மாத்தித்தான் எழுதுறேன்). ரோஹாஸ் அப்பா வழி, மெஹியா அம்மா வழி, ரெண்டும் சேந்தாதான் அங்க முழுப் பேரு. கிரீன் கார்டுக்கு அப்ளை பண்ற ஐ-485 ஃபார்ம ஃபில் பண்ணது நான்தான், கடைசியா வர்றதுதான லாஸ்ட் நேம்னு மெஹியாவ மட்டும் அங்க போட்டு ரோஹாஸ மிடில் நேம்ல தள்ளிட்டேன், அவங்களும் என்ன நம்பி கையெழுத்துப் போட்டுட்டாங்க. கார்டு அப்படியே வந்துச்சு, அதப் பாத்து சோஷியல் செக்யூரிட்டி கார்டும் அப்படியே. இப்ப ஜாயின்ட்டா டாக்ஸ் ஃபைல் பண்றப்ப பாஸ்போர்ட்ல இருக்கபடி ரோஹாஸ் மெஹியான்னு குடுத்தா ரெண்டு தடவ ரிஜெக்ட். கடைசி நாள் ஏப்ரல் 15 வேற நெருங்குது. மாமனார் வீடியோ கால்ல "என் பேரு எங்க மாப்ள போச்சு"ன்னு சிரிச்சுக்கிட்டேதான் கேட்டாரு, எனக்குதான் சுருக்குனு ஆச்சு.

வரிமாமி:
முதல்ல டாக்ஸ முடிங்க தம்பி. ஐஆர்எஸ், அதான் இங்க வரித்துறை, லாஸ்ட் நேம்ல முதல் நாலு எழுத்த எடுத்து சோஷியல் செக்யூரிட்டி ரெக்கார்டோட ஒப்பிட்டுப் பாக்கும். நீங்க குடுத்தது ரோஹாஸ்ல ஆரம்பிக்குது, அங்க இருக்கிறது மெஹியா, அப்புறம் எப்படி ஏத்துக்கும். இந்த வருஷம் அந்தக் கார்டுல என்ன அச்சாகியிருக்கோ அதையே போட்டு அனுப்புங்க, தப்பான பேராவே இருந்தாலும் சரி.

ஜெர்சிசெந்தில்:
ரெண்டுக்கும் நடுவுல ஒரு ஹைஃபன் போட்ருங்க ப்ரோ, இந்த ஊர்ல யாரும் பிரிக்க மாட்டாங்க.

ஆஸ்டின் அக்கா:
செந்தில், பாஸ்போர்ட்ல இல்லாத ஹைஃபன இங்க சேத்தா அது மூணாவது பேரு ஆயிடும், வேண்டாம். டல்லாஸ் தம்பி, பாஸ்போர்ட் போட்டோ பக்கத்துல அடியில ரெண்டு வரி இருக்கும்ல, அதுல முதல் வரியப் பாருங்க. ஒரே சர்நேமுக்குள்ள வர்ற இடைவெளிக்கு ஒரு அம்புக்குறி, சர்நேம் முடிஞ்சு கிவன் நேம் ஆரம்பிக்கிற எடத்துல ரெண்டு அம்புக்குறி. ரோஹாஸுக்கும் மெஹியாவுக்கும் நடுவுல ஒண்ணுதான இருக்கு?

டல்லாஸ்காரன்:
ஆமாக்கா, ஒண்ணுதான்!! இத்தன நாள் இது ஏதோ டிசைன்னு நெனச்சேன்.

ஆஸ்டின் அக்கா:
அப்ப ரெண்டும் சேந்ததுதான் சர்நேம், பேச்சே இல்ல. ஐ-90 ஃபார்ம் போட்டு கிரீன் கார்ட திருத்தணும். தப்பு இமிக்ரேஷன் ஆபீஸ் பக்கம்னா ஃபீஸ் கிடையாது, இது உங்க தப்பு, அதனால கட்டித்தான் ஆகணும். பாஸ்போர்ட் காப்பி, பர்த் சர்டிஃபிகேட், அதோட சர்டிஃபைட் இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு எல்லாம் வைங்க. புதுக் கார்டு வந்தப்புறம் எஸ்எஸ்-5 ஃபார்ம் குடுத்து சோஷியல் செக்யூரிட்டி கார்ட மாத்தணும், அது இலவசம். அதுக்கப்புறம் லைசன்ஸ், பேங்க், ஆபீஸ். வரிசைய மாத்துனீங்கன்னா திரும்பத் திரும்ப அலைவீங்க, ஏன்னா சோஷியல் செக்யூரிட்டில இமிக்ரேஷன் பேப்பர்ல இருக்க பேரத்தான் பாப்பாங்க. ஃப்ளைட் டிக்கெட்ல பாஸ்போர்ட் பேரு. ரெண்டு சர்நேமும் ஒட்டி அச்சானா பயப்படாதீங்க, அது சகஜம்.

கொசு:
டல்லாஸ் தல, கடைசியா வர்றதுதான் லாஸ்ட் நேம்ங்கிற உங்க கணக்குப்படி பாத்தா டென்னிஸ் ரஃபேல் நடால பரேரான்னு கூப்பிடணும், அவரு முழுப் பேரு ரஃபேல் நடால் பரேரா 😂 அப்பா பேரு முதல்ல, அம்மா பேரு அப்புறம், சுருக்கிக் கூப்பிட்டா பொதுவா முதல்லதான்.

வரிமாமி:
சிரிக்காதப்பா, நம்மாளுங்க கத இன்னும் மோசம். சர்நேம் காலியா இருக்க இந்தியன் பாஸ்போர்ட்டுக்கு விசா அடிக்கிறப்ப நம்ம பேரத் தூக்கி சர்நேம்ல போட்டு, கிவன் நேம்ல எஃப்என்யூன்னு (FNU, 'ஃபர்ஸ்ட் நேம் அன்னோன்', அதாவது முதல் பேரு தெரியல) போட்ருவாங்க. எங்க வீட்டுக்காரர ஆபீஸ்ல ரெண்டு வருஷம் 'ஃப்னு'ன்னுதான் கூப்பிட்டாங்க.

டல்லாஸ்காரன்:
அப்டேட்: மாமி சொன்னபடி கார்டுல இருக்க பேருலயே அனுப்பினேன், மறுநாளே அக்செப்ட் ஆயிடுச்சு. ஐ-90 இப்ப ஓடிட்டு இருக்கு, ஆனா இந்தத் தடவ அவங்களே ஃபில் பண்றாங்க, என்ன கீபோர்டு பக்கமே விடல.