வேடியப்பன் கல்லில் நாம் மறைத்த பெயர்

அன்புள்ள ஊர் உறவுகளுக்கு வணக்கம்.

40 நாள் விடுப்பு முடிந்து நேற்று முன்தினம் மஸ்கட் வந்து சேர்ந்தேன். பெட்டியைத் திறந்ததும் அறை முழுக்கப் புளி வாசனை. ஊர் எப்படி இருக்கிறது என்று கேட்டுப் பெங்களூர், திருப்பூர், சிங்கப்பூர் என்று பல பக்கமிருந்தும் எழுதியிருக்கிறீர்கள். எல்லோருக்கும் ஒரே கடிதமாக எழுதிவிடுகிறேன்.

மழை இந்த முறை ஏமாற்றவில்லை. ஏரியில் பாதிக்கு மேல் தண்ணீர் நிற்கிறது. கேழ்வரகு அறுத்துக் களத்துக்கு வந்துவிட்டது. அவரை பூத்துக் கிடக்கிறது, மாமரங்களும் பூவெடுக்கத் தொடங்கிவிட்டன. மாரியம்மன் கோயில் தெருவுக்குச் சிமெண்ட் சாலை போட்டிருக்கிறார்கள். பள்ளிக்கூடத்துச் சுற்றுச்சுவர் இன்னும் அரைகுறைதான். பூசாரி தாத்தாவுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது. பஸ் வரும்போது இப்போது நம்பரை அவரே படித்துச் சொல்கிறார்.

இனி எழுத வேண்டியது ஏரிக்கரை வேடியப்பனைப் பற்றி.

நம் தெருக்களில் வேடியப்பன், வேடியம்மாள் என்று பெயர் வைத்தவர்கள் வீட்டுக்கு ஒருவராவது இருப்பார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலைப் பக்கம் மட்டும்தான் இந்தச் சாமி இவ்வளவு பழக்கம். வேறு மாவட்டத்து நண்பர்களிடம் சொன்னால், அது எந்தக் கடவுள் என்று கேட்கிறார்கள். நானும் பல காலம் அவரை ஒரு காவல் தெய்வம் என்று மட்டுமே நினைத்திருந்தேன். நம் பக்கத்து வேடியப்பன்கள் பலரும் நடுகற்கள். சண்டையில் செத்துப்போன ஒரு மனிதனுக்கு அவன் ஊரார் நட்டு வைத்த கல்லைத்தான் நாம் தலைமுறை தலைமுறையாகக் கும்பிட்டு வருகிறோம்.

இந்த முறை, கல்வெட்டுப் படிக்கத் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரை மொரப்பூரிலிருந்து வண்டியில் அழைத்து வந்தேன். பகலில் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் இருந்தார். இருட்டிய பிறகு மறுபடி போகலாம் என்றார். இரவு எட்டு மணிக்கு டார்ச் விளக்கைக் கல்லுக்கு நேராகப் பிடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடிக்கச் சொன்னார். எழுத்தின் பள்ளங்களில் நிழல் விழுந்தது. சின்ன வயதிலிருந்து வெறும் சொரசொரப்பு என்று நினைத்திருந்த இடத்தில் எழுத்துகள் எழுந்து நின்றன. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. பக்கத்தில் நின்ற பெரியப்பா செருப்பைக் கழற்றிவிட்டார்.

வட்டெழுத்து, அதாவது பழைய காலத்தில் தமிழை எழுதிய வளைந்த எழுத்து. வீரனின் தலைக்கு மேல் தொடங்கி, வலது ஓரமாகக் கீழே இறங்குகிறது. ஆசிரியர் விரலால் தடவித் தடவி இரண்டு சொற்களைத் தெளிவாகப் படித்தார். ஒன்று ‘தொறு’. மற்றது ‘பட்டான்’. தொறு என்றால் மாட்டு மந்தை. பட்டான் என்றால் சண்டையில் இறந்தான். நம் பகுதியில் கிடைத்த பழைய நடுகற்களில் பெரும்பாலும் இதே கதைதான் இருக்கும் என்றார். எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, எந்த ஊர் மாடுகளை யார் கவர்ந்தார்கள், மீட்கப் போய் யார் இறந்தான் என்ற வரிசையில் எழுதி, ‘இன்னான் கல்’ என்று முடிப்பார்கள். மேய்ச்சல் நிலத்தை நம்பிய வறண்ட நாட்டில் மாடுதான் சொத்து. அதை ஓட்டிக்கொண்டு போனால் ஊரே பட்டினி. அதனால்தான் மாட்டுக்காக உயிரை விட்டவனுக்குக் கல் நட்டார்கள். அதனால்தான் இன்றைக்கும் மாட்டுக்கு நோய் கண்டால் அம்மா முதலில் வேடியப்பனுக்கு ஒரு ரூபாயை மஞ்சள் துணியில் முடிந்து வைக்கிறாள். அவள் யாரும் சொல்லித் தெரிந்துகொண்டதில்லை. மாடு காக்கச் செத்தவனிடம்தான் மாட்டைக் காக்கச் சொல்லிக் கேட்கிறாள்.

அடுத்து ஆசிரியர் அந்த வீரனின் பெயரைத் தேடினார். எழுத்து ஓரமாக இறங்கி, மேடைச் சிமெண்டுக்குள் போய்விட்டது. பெயர் அதற்குள் இருக்கிறது.

ஆறு வருடம் முன்பு நாம் எல்லோரும் ஆளுக்கு இவ்வளவு என்று பணம் அனுப்பி, வேடியப்பனுக்கு மேடையும் தகரக் கொட்டகையும் போட்டோமே, அந்தச் சிமெண்ட்தான். நானும் பணம் கொடுத்தேன். கொத்தனார் கல் ஆடாமல் இருக்க முழங்கால் உயரத்துக்குக் கலவையைக் கொட்டியிருக்கிறார். அவர்மேல் குற்றம் இல்லை, அவருக்கு யாரும் சொல்லவில்லை. சொல்வதற்கு நமக்கும் தெரிந்திருக்கவில்லை. எழுத்து மட்டும் போகவில்லை, வீரனின் கால்களும் போய்விட்டன. இந்த மாதிரிக் கற்களில் காலடியில் கெண்டியும் (மூக்கு வைத்த செம்பு) சிமிழும் செதுக்கியிருப்பது வழக்கமாம். நம் கல்லில் மாட்டின் கொம்பு நுனி இரண்டு மட்டும் சிமெண்டுக்கு மேலே தெரிகிறது. கொம்பு என்று தெரியாமல் அதன்மேல் குங்குமம் வைத்துக்கொண்டிருந்தோம்.

ஒரு பெயர் போனால் என்ன என்று சித்தப்பா கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டார். அவருக்குச் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன்.

தகடூரை, அதாவது நம் தருமபுரியை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி வெகு காலம் சங்கப் பாடல்களில் மட்டுமே இருந்தான். அசோகர் கல்வெட்டு சேர, சோழ, பாண்டியரோடு சேர்த்துச் சொல்லும் சத்தியபுத்திரர் யார் என்று அறிஞர்கள் ஆளுக்கொன்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1981ஆம் ஆண்டு திருக்கோவிலூர்ப் பக்கம் ஜம்பைக் குன்றில் ஒரே ஒரு வரியில், தமிழின் மிகப் பழைய எழுத்தான தமிழ் பிராமியில் ஒரு கல்வெட்டு கிடைத்தது. சத்தியபுத்திரன் அதியன் நெடுமான் அஞ்சி கொடுத்த இருப்பிடம் என்று அதில் இருந்தது. அந்த ஒரு வரியில் அத்தனை வாதமும் தீர்ந்தது. அந்த வரிமேல் யாராவது சிமெண்ட் பூசியிருந்தால்?

அதியமான் இறந்த பிறகு அவனுக்கும் நடுகல்தான் நட்டார்கள். மயிற்பீலி சூட்டி, சின்னக் கலத்தில் கள் வார்த்துப் படைத்தார்கள். மலையோடு சேர்த்து ஒரு நாட்டையே கொடுத்தாலும் வாங்காதவன் இந்தச் சின்னக் கலத்துக் கள்ளை வாங்கிக்கொள்வானா என்று ஔவை அழுதாள். நாம் மாட்டுப் பொங்கலன்று வேடியப்பனுக்குப் படைப்பதை இனி அந்த நினைவு இல்லாமல் என்னால் பார்க்க முடியாது.

அரசன் வேண்டாம், நாய்க்கே பெயர் இருக்கிறது. செங்கம் பக்கத்து எடுத்தனூரில் மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. வீரனோடு அவன் நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கோவிவன் என்ற அந்த நாய் இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்றதை எழுத்தில் வெட்டி வைத்திருக்கிறார்கள். சுமார் 1400 வருடம் ஆகியும் அந்த நாயின் பெயரை நாம் சொல்கிறோம். நம் ஊர் மாட்டை மீட்டவன் பெயர் தெரியவில்லை.

மொரப்பூர் என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. ஆசிரியரை அழைத்து வரும் வழியில் பழைய சிறு ரயில் பாதையைப் பற்றிப் பேச்சு வந்தது. மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906ஆம் ஆண்டு இரண்டரை அடி அகலப் பாதை போட்டார்கள், 1913இல் அது ஓசூர் வரை நீண்டது, உலகப் போர் நடந்த 1941இல் மூடினார்கள். பாட்டி சிறுமியாக இருந்தபோது அந்த ரயிலில் ஏறியதைச் சொல்லுவாள். இப்போது 36 கிலோமீட்டருக்கு அகலப் பாதை போடுவதாக 2019இல் அடிக்கல் நாட்டினார்கள். அது ஓடத் தொடங்கினால் சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் வருகிறவர்கள் மொரப்பூரில் இறங்கிப் பஸ்ஸுக்கு நிற்க வேண்டியிருக்காது. பெரியவர்கள் யாருக்காவது அந்தச் சிறு ரயில் நினைவிருந்தால், உட்கார வைத்துப் பேச்சைப் பதிவு செய்துகொள்ளுங்கள். 1941இல் பத்து வயது என்றால் இப்போது எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள், தள்ளிப்போட நேரமில்லை.

கல்லுக்குத் திரும்புகிறேன். அடுத்த திட்டமாக மேடைக்குக் கிரானைட் பதித்து முகப்பு வளைவு கட்டலாம், தேய்ந்த கல்லை ஓரமாக வைத்துவிட்டுக் குதிரைமேல் வேடியப்பன் இருப்பது போலப் புதுச் சிலை செய்யலாம் என்று இளைஞர்கள் சிலர் சொல்கிறார்கள். அவர்கள் பக்தியைப் பற்றி எனக்கு ஐயமில்லை, ஆனால் நான் இதை ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்தக் கல்தான் வேடியப்பன். அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிடலாம் என்ற யோசனையும் வந்தது. கேட்பாரற்றுக் கிடக்கும் கல்லுக்கு அது சரி. இன்றும் விளக்கு எரிகிற கல்லை எடுத்துக்கொண்டு போனால் ஏரிக்கரைக்கு என்ன மிஞ்சும்?

வளைவுக்கு என்று சேர்ந்திருக்கும் பணத்தைச் சிமெண்டை எடுக்கச் செலவிட வேண்டும் என்பதே என் வேண்டுகோள். பூசாரி தாத்தா சம்மதித்துவிட்டார். மாட்டுப் பொங்கல் பூசை முடியும் வரை கல்லில் கை வைக்கக் கூடாது என்று மட்டும் சொன்னார். அதற்குள் தொல்லியல் துறைக்கு எழுதிவிட வேண்டும். அவர்கள் ஆள் வந்து பார்த்துச் சொன்ன பிறகே உளியைத் தொட வேண்டும். மெஷின் வேண்டாம், அதிர்வில் கல் பிளந்துவிடும். நல்ல கல் தச்சர் ஒருவர் சின்ன உளியால் நாலைந்து நாள் பொறுமையாக எடுக்கட்டும். பிறகு படி எடுப்பார்கள். கல்லைக் கழுவி, நனைத்த தாளை ஒட்டி, தூரிகையால் தட்டித் தட்டிப் பள்ளங்களில் படிய வைத்து, மேலே மை ஒற்றினால், கறுப்புத் தாளில் எழுத்து வெள்ளையாக விழும். பெங்களூரிலும் ஓசூரிலும் இருக்கும் தம்பிகள் யாராவது அந்த வாரம் ஊரில் இருந்து பார்த்துக்கொண்டால் நல்லது. அதுவரை தயவுசெய்து யாரும் எனாமல் பெயிண்ட் வாங்கித் தராதீர்கள். எண்ணெயும் மஞ்சளும் கழுவினால் போய்விடும், எனாமல் போகாது.

இன்னொரு உதவியும் வேண்டும். மேடை போடுவதற்கு முன் நம் பிள்ளைகள் எத்தனையோ பேருக்கு அந்தக் கல்லுக்கு முன்னால்தான் காது குத்தினார்கள். தாய்மாமன் மடியில் பிள்ளை, பின்னால் வேடியப்பன் என்று எடுத்த படம் பல வீடுகளில் இருந்தது எனக்கு நினைவிருக்கிறது. அதில் கல் அடி வரை தெரியும். உளி படும் இடத்தில் ஓர் எழுத்து உடைந்தாலும் அந்தப் படம்தான் சாட்சி. எங்கள் வீட்டுப் படத்தை 2005ஆம் ஆண்டு மழையில் கரையான் தின்றுவிட்டது. உங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில், பழைய கல்யாண ஆல்பத்துக்கு அடியில், அப்படி ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். மங்கியிருந்தாலும், மூலை கிழிந்திருந்தாலும் அனுப்புங்கள்.

கிழக்குத் தெருவிலிருந்து, இப்போது மஸ்கட்டில்.