மலையூர்க் குழாய்: இரவில் வெடிக்கிறது, பகலில் இருமுகிறது

செல்வன், உட்லண்ட்ஸ்
கொல்லிமலையில் என் அப்பா பிறந்த சிற்றூருக்கு, சிங்கப்பூரில் இருக்கும் உறவினர்கள் பணம் போட்டு ஊற்றுநீரைக் குழாயில் கொண்டுவந்தோம். 42 வீடுகள், 210 பேர். ஊற்றிலிருந்து ஊர்த்தொட்டிவரை 1,300 மீட்டர். 40 மில்லிமீட்டர் எச்டிபிஇ என்ற கெட்டிப் பிளாஸ்டிக் குழாய், அழுத்தம் தாங்கும் தரம் பிஎன் 6. தொட்டி ஊற்றைவிட 35 மீட்டர் தாழ்வு. ஆனால் குழாய் நேராகப் போகவில்லை. முதலில் ஒரு கரட்டின் மேல் ஏறுகிறது. அதன் உச்சி ஊற்றுக்கு 15 மீட்டர் கீழே. பிறகு ஊற்றுக்கு 95 மீட்டர் கீழேயுள்ள ஓடைப் பள்ளத்தில் இறங்கி, அங்கிருந்து தொட்டிக்கு ஏறுகிறது.

பொங்கலன்று தண்ணீர் சீறி வந்தது. அதன்பின் மூன்று முறை பள்ளத்தில் வெடித்துவிட்டது, மூன்றும் இரவில். தம்பி அனுப்பிய படத்தில் குழாய் மீன் வாயைப்போலப் பிளந்திருக்கிறது. சரிசெய்தபின் பழைய வேகம் இல்லை. காற்றைத் துப்பித் துப்பித்தான் வருகிறது. ஊற்று வற்றிவிட்டது, மோட்டார் வாங்குங்கள் என்கிறார்கள் ஊரில். வாங்கலாமா?

நளினி, ஈசூன்
மோட்டார் இருக்கட்டும். ஊற்றிலும் தொட்டியிலும் ஒரே வாளியை வைத்து, நிறைய எத்தனை நொடி ஆகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். இரவில் வால்வை யார் தொடுகிறார்கள் என்றும் கேளுங்கள்.

செல்வன்
20 லிட்டர் வாளி ஊற்றில் 80 நொடியில் நிறைகிறது, தொட்டியில் நான்கு நிமிடம். மிச்ச நீர் ஊற்றடித் தொட்டியிலேயே வழிந்து போகிறது. தண்ணீர் வீணாகக் கூடாதென்று, ஊர்த்தொட்டி நிறைந்ததும் தம்பி அதன் வால்வை இறுக்கி மூடிவிட்டுத் தூங்கப் போகிறானாம்.

பழைய பிட்டர், தோ பாயோ
செல்வன், ஊற்றின்மேல் பழி போடாதீர்கள். 80 நொடிக்கு 20 லிட்டர் என்றால் நாளுக்கு 21,600 லிட்டர். இந்தியாவின் ஜல் ஜீவன் குடிநீர்த் திட்டக் கணக்கில் ஆளுக்கு நாளுக்கு 55 லிட்டர். உங்கள் 210 பேருக்கு 11,550 போதும். இது கோடையில் அளந்தது என்றால் கவலையே இல்லை.

வெடிப்புக்குக் காரணம் அந்த வால்வு. பத்து மீட்டர் நீருயரம் தரும் அழுத்தம் ஏறத்தாழ ஒரு பார். பிஎன் 6 தாங்குவது 6 பார். தண்ணீர் ஓடும்போதே பள்ளத்தில் 6 பாருக்குச் சற்று மேல் இருக்கும், ஏனென்றால் தொட்டி அங்கிருந்து 60 மீட்டர் உயரம். வால்வை மூடியதும் ஊற்றுவரை நிற்கும் நீர் முழுவதும் பள்ளத்தின் தலையில் ஏறுகிறது: ஒன்பதரை பார். ஓடும்போது இருக்கும் அழுத்தத்தை வைத்துக் குழாய் வாங்கக் கூடாது, நிற்கும்போது வருவதை வைத்து வாங்க வேண்டும். நான் வேலை பார்த்த உயரமான புளோக்குகளில் கூரைத் தொட்டியிலிருந்து இறங்கும் குழாயிலும் இதே கவலைதான். சிங்கப்பூரிலேயே உயரமான புக்கிட் தீமா மலையே 164 மீட்டர்தான். உங்கள் பள்ளம் அதில் பாதிக்கும் மேல்!

இருமலும் இதன் பிள்ளைதான். ஒவ்வொரு வெடிப்பிலும் குழாய் காலியாகிறது, மீண்டும் நிரம்பும்போது காற்று கரட்டு உச்சியில் சிக்கிக்கொள்கிறது.

சிவா, புக்கிட் பாத்தோக்
பாதி வழியில், அதாவது 50 மீட்டர் கீழே, திறந்த இடைத்தொட்டி கட்டினால் அழுத்தம் முறிந்துவிடுமே?

பழைய பிட்டர், தோ பாயோ
முறியும். ஊருக்குத் தண்ணீரும் வராது. ஊர்த்தொட்டி 35 மீட்டர் கீழே இருக்கிறது. அதைவிடத் தாழ்ந்த இடைத்தொட்டியிலிருந்து நீர் எப்படி மேலேறும்? கரட்டு உச்சியில் கட்டுங்கள். காற்று தானாகவே வெளியேறும், பள்ளத்தின் சுமையும் 95 மீட்டரிலிருந்து 80 ஆகும். அதோடு பள்ளத்துக் குழாயை பிஎன் 10 ஆக மாற்றியே தீர வேண்டும். 80 மீட்டர் என்றால் 8 பார், 6 பார் குழாய் அதற்கு ஆகாது.

நளினி, ஈசூன்
இடைத்தொட்டிக்கு மூடியும் கொசுவலையும் மறக்க வேண்டாம். பள்ளத்தின் அடியில் வண்டல் கழுவ ஒரு வால்வு வையுங்கள். உயரங்களைக் கைபேசிச் செயலியில் எடுத்திருந்தால் நம்பாதீர்கள், பல மீட்டர் பிசகும். கொத்தனாரின் கண்ணாடி டியூபில் தண்ணீர் நிரப்பி அடிக்கு அடி மட்டம் பாருங்கள்.

செல்வன்
செயலியில்தான் எடுத்தோம். டியூப் வைத்து மீண்டும் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். இதற்கிடையில் கரட்டு உச்சியில் ஓர் இணைப்பைத் தம்பி தளர்த்தினான். பாம்பு சீறுவதுபோல் ஐந்து நிமிடம் காற்று வந்ததாம், பிறகு தண்ணீர். மாலையில் அதே வாளி 90 நொடியில் நிறைந்தது. வால்வைத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டேன். வழிவதை மாட்டுத் தொட்டிக்குத் திருப்பிவிட்டார்கள். பிஎன் 10 குழாய்க்கு விலை கேட்டிருக்கிறோம்.