விங்ஸின் கடைசி இரண்டு ஆல்பங்கள்: காத்திருப்பதா, இருப்பதை வாங்குவதா?

குழுவில் உள்ள இசை அன்பர்களுக்கு வணக்கம். பால் மெக்கார்ட்னியின் ஆல்பங்கள் 2010-இல் 'பேண்ட் ஆன் தி ரன்' தொடங்கி ஆவணத் தொகுப்பு வரிசையில், கூடுதல் பதிவுகள் சேர்ந்த டீலக்ஸ் பதிப்புகளாக வந்தபோது, அவருடைய விங்ஸ் இசைக்குழுவின் எல்லாப் பதிவுகளும் விரைவில் வந்துவிடும் என்று நம்பியவர்களில் நானும் ஒருவன். 2020-இல் 'ஃப்ளேமிங் பை' வந்த பிறகும் 'லண்டன் டவுன்' (1978), 'பேக் டு தி எக்' (1979) ஆகிய இரண்டுக்கும் அந்த வரிசையில் இடம் கிடைக்கவில்லை.

வர்ஜின் தீவுகளில் ஒரு படகில் வைத்துச் சில பாடல்களைப் பதிவுசெய்த கதை முதலாவதற்கு உண்டு. இரண்டாவதிலோ பீட் டவுன்ஷெண்ட், டேவிட் கில்மோர், ஜான் பான்ஹம் உள்ளிட்ட ராக் கலைஞர்களின் பெரும் பட்டாளமே 1978 அக்டோபரில் அபே ரோடு ஒலிப்பதிவு அரங்கில் கூடி வாசித்த 'ராக்கெஸ்ட்ரா' இசை இருக்கிறது. டீலக்ஸ் பதிப்புக்கு இதைவிட என்ன தகுதி வேண்டும் என்பது என் ஆதங்கம்.

என்னிடமுள்ள 'பேக் டு தி எக்' இசைத்தட்டில் சரியாக அந்த 'ராக்கெஸ்ட்ரா' வரும் இடத்தில்தான் கீறல் விழுந்து, ஊசி ஒவ்வொரு சுற்றுக்கும் 'டிக்' என்று துள்ளுகிறது. ஆகவே, கூடுதல் பாடல்களுடன் 1993-இல் வந்த குறுந்தகட்டை வாங்கலாமா என யோசிக்கிறேன். அதையும் பழைய இசைத்தட்டையும் ஒப்பிட்டுக் கேட்டவர்கள், முரசொலி அதில் தெளிவாகப் பிரிந்து கேட்கிறதா, அல்லது ஒலியளவு மட்டும் கூடியிருக்கிறதா என்று தெரிவித்தால் உதவியாக இருக்கும். டீலக்ஸ் பதிப்பு பற்றி அதிகாரபூர்வ அறிவிப்பு எதையேனும் பார்த்தவர்கள் அதையும் இங்கே பகிருங்கள். வதந்திகள் என்னிடமே போதுமான அளவு உள்ளன.